பொய் பேசும் தந்தி

கிதாரில் கட்டும் எஃகுக் கம்பி தன் வயதை மறைக்காது. வியர்வை பட்டுக் கறுக்கும், துரு ஏறும், விரலை ஓட்டினால் சொரசொரக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் படீரென்று தெறித்து அறுந்துவிடும். உகுலேலேயின் நைலான் தந்தியிடம் இந்த வெளிப்படை இல்லை. அது துருப்பிடிக்காது, அறுவதும் அபூர்வம். வாத்தியத்தை வாங்கிய அன்று எந்தத் தந்தி இருந்ததோ அதோடேயே ஐந்தாறு வருஷம் ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். தெரிந்து பொய் சொல்வதில்லை. அவர்கள் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆகவே இந்தத் தந்தியை எப்போது மாற்றுவது என்பது, கடைக்காரர் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய பராமரிப்புக் கேள்விபோலத் தோன்றினாலும், ஒரு பொருளின் காலம் முடிந்ததை எதைச் சாட்சியாக வைத்து அறிகிறோம் என்ற பழைய சிக்கலை உள்ளே வைத்திருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. அறுந்தால் மாற்று என்பது ஒன்று. மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆனதும் மாற்று என்பது இன்னொன்று. ஒலி மங்கினால் மாற்று என்பது மூன்றாவது. வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது இது. மூன்றுமே தந்தியின் வயதை விசாரிக்கின்றன. விசாரிக்க வேண்டியது அதன் உண்மையை என்பது என் தரப்பு. அந்த உண்மைக்கு வாசிப்பவரின் காது மட்டும் சாட்சியாகப் போதாது என்பது அதன் மறுபாதி.

இந்தக் கேள்விக்கே வயது அதிகமில்லை. 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களை ஹொனலுலுவில் இறக்கியது. அவர்களில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள்: மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ. தங்கள் தீவில் மஷெத்தெ என்று வழங்கிய சின்னஞ்சிறு நாலு தந்தி வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்து விற்கத் தொடங்கினார்கள். அது அங்கே உகுலேலே ஆயிற்று. உகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் துள்ளல் என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். வாசிப்பவரின் விரல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். அந்த நாளில் தந்தி என்பது ஆட்டுக்குடலைத் திரித்து உலர்த்திய நரம்பு. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும், வெயிலில் இறுகும், புரி பிரிந்து நார் நாராக எழும், பிறகு அறுந்துபோகும். எப்போது மாற்றுவது என்று எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, தந்தியே சொல்லிவிட்டது. 1938இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. அடுத்து வந்த உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் காயம் தைக்கும் நூலாகப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின், கிதார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு நைலானில் கிதார் தந்தி செய்தார். போருக்குப் பிறகு உகுலேலேயும் அந்த வழியே வந்தது. 1949இல் மாரியோ மக்காஃபெரி பிளாஸ்டிக்கிலேயே உகுலேலே செய்து லட்சக்கணக்கில் விற்றபோது, இந்த வாத்தியத்தில் குடல் நரம்பின் காலம் முடிந்தே போயிற்று. அறுந்தால் மாற்று என்ற விதி மட்டும் சாகவில்லை. ஆட்டுக்குடலுக்காக எழுதிய சட்டத்தை அறுந்துபோகாத பொருளுக்கும் நீட்டித்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டப்படி நைலான் தந்திக்கு மரணமே கிடையாது.

தந்தியின் உண்மை என்று நான் சொல்வது உருவகம் இல்லை. அதை அளந்து பார்க்க முடியும். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636இல் வெளியிட்ட நூலில் வகுத்துச் சொன்னபடி, ஒரு தந்தி எந்தச் சுரத்தில் ஒலிக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்துக்கு உள்ள எடை. வாசிக்கும்போது இடக்கை மாற்றுவது நீளத்தை மட்டுமே. ஃபிரெட் என்று கிதார்காரர்கள் சொல்லும் மெட்டுகளை மரத்தில் பதித்தவர், தந்தியின் எடை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக இருக்கும் என்று நம்பித்தான் இடைவெளிகளைக் கணக்கிட்டார். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் இருக்கிறது. பாதி நீளம் இரட்டை அதிர்வு, அதாவது மேல் ஸ்தாயி. இந்தக் கணக்கு முழுவதும் தந்தியின் சீர்மை என்ற ஒற்றை நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இப்போது ஒரு நைலான் தந்தியை எடுத்துக்கொள்வோம். சொப்ரானோ உகுலேலேயில் மேல் ஏ தந்தி, ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் தடிப்பு, 35 சென்டிமீட்டர் நீளம். அதன் ஒரு பாதி மறுபாதியைவிட நூற்றில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெலிவு 6 மைக்ரான், ஒரு தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் எடை தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தப் பாதியின் எடை இரண்டு சதவீதம் குறைந்திருக்கும். கணக்குப் போட்டால் பன்னிரண்டாம் மெட்டில் சுரம் 8 சென்டுக்கு மேல் தவறுகிறது. அரைச்சுரத்தை நூறாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு சென்ட். பழகிய காது ஐந்து சென்ட் பிசகையே பிடித்துவிடும்.

இதைக் கணக்கு வருவதற்கு முன்பே கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள். இத்தாலியத்தில் இப்படிப்பட்ட தந்திக்குப் பெயரே பொய்த் தந்தி. பதினாறாம் நூற்றாண்டின் லூட் நூல்கள் புது நரம்பு வாங்குபவருக்கு ஒரு சோதனை சொல்லித் தருகின்றன: வாத்தியத்தில் கட்டுவதற்கு முன் நரம்பை இரண்டு கைகளுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து விரலால் மீட்டிப் பார். அதிரும்போது அது தெளிவான இரண்டு இழைகளாகத் தெரிந்தால் உண்மையான நரம்பு. மூன்று நான்கு இழைகளாகக் கலங்கித் தெரிந்தால் பொய், தூக்கிப் போடு. கடையிலிருந்து அப்போதுதான் வந்த நரம்பு அது, ஒரு நாள்கூட வாசிக்கப்படாதது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் இந்த அறிவு இன்னும் பழையது. யாழ் நரம்பின் குற்றங்கள் என்று கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் நீட்டப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லி ஒதுக்குகிறான்; நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே இருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். காவிய மிகை என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு மயிரின் பத்தில் ஒரு பங்கே சுரத்தைக் கெடுக்கும் என்று மேலே பார்த்த பிறகு, சீவகன் கூறியது நாயகப் பெருமையைவிடப் பட்டறை அறிவாகவே படுகிறது. இந்த நான்கு குற்றங்களில் எதுவும் பழமை பற்றியது இல்லை என்பது எனக்கு முக்கியம். நான்கும் சீரின்மை பற்றியவை. பழைய நரம்பு என்பதை அவர்கள் தனிக் குற்றமாக எண்ணவில்லை. பழமையும் ஏதாவதொரு சீரின்மையாக வெளிப்பட்ட பிறகுதான் குற்றமாகிறது.

நைலான் எப்படிப் பொய்க்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு வருஷம் வாசித்த தந்தியின் அடியில் விரல்நுனியை வைத்து, கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தாங்கும் நட்டிலிருந்து உடல் பக்கமாக மெல்ல ஓட்டிக்கொண்டு போனால் முதல் நாலைந்து மெட்டுகளுக்கு நேரே சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். உலோக மெட்டின் மேல் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தப்பட்ட இடங்கள் அவை. அங்கே தந்தியின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்காது, தட்டையாகியிருக்கும். மேல்பக்கம் வேறொரு தேய்மானம்: வலக்கை நகம் உரசும் இடத்தில் பளபளப்புப் போய் வெளிறிய ஒரு பட்டை. குதிரைப் பக்கத்துத் தந்தியோ கை படாமல் வந்த நாள் மாதிரியே இருக்கும். மூன்று நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையில் இரவும் பகலும் நிற்கும் தந்தி, பலவீனமான இடத்தில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகமாக நீளும். ஆக ஒரே தந்தியில் மூன்று நான்கு வயதுகள் உண்டாகிவிடுகின்றன. ஜி தந்தியைக் கீழ் ஸ்தாயியில் வைத்துக்கொள்பவர்கள் பலரும் உலோகச் சுருள் சுற்றிய தந்தி கட்டுவார்கள். அதன் கதை இதைவிடச் சீக்கிரம் முடியும். மெட்டு பட்ட இடத்தில் சுருள் அறுந்து, நகத்தால் கீறினால் தட்டும். அதைப் பற்றி வாதிட எதுவும் இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இன்று எல்லோர் கைப்பேசியிலும் சுருதி பார்க்கும் செயலி இருக்கிறது. தந்தி பொய்யென்றால் அது காட்டிக்கொடுக்காதா? காட்டிக்கொடுக்காது, குறைந்தது நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில். நாம் நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டுகிறோம். ஜி, சி, ஈ, ஏ. முறுக்காணியைத் திருப்பித் திருப்பி நான்குக்கும் பச்சை விளக்கு வாங்கிவிடுகிறோம். வெறுந்தந்தியை எந்தச் சுரத்துக்கும் இழுத்துச் சேர்த்துவிட முடியும். எவ்வளவு தேய்ந்த தந்தியும் இந்தப் பரீட்சையில் தேறும். சீரின்மை வெளிப்படுவது நீளத்தைக் குறைக்கும்போதுதான். எனவே செய்ய வேண்டிய சோதனை வேறு: வெறுந்தந்தியைச் சேர்த்த பிறகு, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி வரும் ஹார்மோனிக்கையும், அதே மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டும் சுரத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தந்தி மெய் சொல்கிறது. விலகினால் யாரோ பொய் சொல்கிறார்கள். அது தந்தியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு தந்தியும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் குதிரையின் இடத்தையோ தந்தியின் உயரத்தையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் தனியே விலகினால் பெரும்பாலும் அந்தத் தந்திதான். மலிவான வாத்தியங்கள் கடையிலிருந்து வரும்போதே பத்துப் பதினைந்து சென்ட் பிசகோடு வருவதும் உண்டு. அதனால் இன்றைய விலகல் எவ்வளவு என்பது பாதிச் செய்திதான். தந்தி புதிதாக இருந்த நாளில் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தால்தான் அது முழுச் செய்தி ஆகும்.

பழைய தந்தியின் ஒலியே எனக்குப் பிடிக்கிறது, அதன் கனிவு புதுத் தந்தியில் இல்லை என்பது இன்னொரு மறுப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதன் பக்கம் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்து இசைத்தட்டுகளில் பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அந்த மங்கிய, குமிழியிடும் ஒலிதான் அறுபதுகளின் அமெரிக்க வெகுஜன இசையின் அடித்தளம். பழைய தந்தியிலிருந்து இவ்வளவும் வருமென்றால், மங்கல் என்பதைக் குறை என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். பளபளப்பு ருசி சார்ந்தது. அது போனால் இழப்பு என்று ஒருவரும் கனிவு என்று ஒருவரும் சொல்ல இடமுண்டு. அதனால்தான் ‘மங்கினால் மாற்று’ என்ற மூன்றாவது விதியை நான் ஏற்கவில்லை. ஆனால் ஜேமர்சனின் பக்கத்தில் உகுலேலேயை நிறுத்தி வைக்க முடியாது. அவர் கையில் இருந்தது தட்டைச் சுருள் எஃகுத் தந்தி. வாசித்தது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம். அதுவும் மிகக் கீழ் ஸ்தாயியில், மேற்சுரங்கள் அடங்கிய ஒலியில். அங்கே ஒரு சுரம் இம்மி பிசகினால் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க இன்னொரு தந்தி ஒலிப்பதில்லை. உகுலேலே நான்கு தந்தியையும் ஒரே வீச்சில் தட்டி வாசிக்கும் வாத்தியம். ஒவ்வொரு தந்தியும் மற்ற மூன்றுக்கும் சாட்சி.

முதல் பாடத்தில் எல்லோரும் கற்கும் சி கார்டையே பார்ப்போம். ஏ தந்தியில் மூன்றாம் மெட்டில் மோதிர விரல், மற்ற மூன்றும் வெறுந்தந்தி. மேலே சொன்ன, ஒரு பாதி மெலிந்த ஏ தந்தி மூன்றாம் மெட்டில் அவ்வளவு மோசமாக இருக்காது. கணக்கில் மூன்று சென்ட் அளவுதான் பிசகும். ஆனால் அங்கே அது ஒலிக்கும் சுரம் கீழே உள்ள சி தந்தியின் மேல் ஸ்தாயி, 523 அதிர்வுகள். இரண்டும் உரசும்போது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஒலி எழுந்து அமிழும். உகுலேலேயின் நாதம் நிலைப்பதே ஒன்றிரண்டு விநாடி. எனவே அலை அலையாகக் கேட்பதற்குள் ஒலி அடங்கிவிடுகிறது; தேறாத கலங்கல் ஒன்று மட்டும் காதில் மிஞ்சுகிறது. ஆரம்பப் பாடம் படிக்கிறவர்கள் அந்தக் கலங்கலுக்குத் தங்கள் விரலைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். மேல் மெட்டுகளுக்குப் போகப் போகப் பிசகும் கூடும், உரசலும் வேகமாகும். கனிவு என்று நாம் ரசித்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு பங்கு மேற்சுரங்கள் அடங்கியதால் வந்தது, எவ்வளவு பங்கு சுருதி கலங்கியதால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் பழைய தந்திக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. முதலாவது மட்டும்தான் என்றால் தந்தியைத் தொடவே வேண்டாம், இன்னும் நாலு வருஷம் இருக்கட்டும்.

நாள்காட்டி விதிக்கு வருவோம். மூன்று மாதம், ஆறு மாதம் என்ற கணக்குக்கு அடிப்படை ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். அது ஒரு சராசரி வாசிப்பாளரை மனதில் வைத்துச் சொன்னது. அந்தச் சராசரி மனிதர்தான் எங்கும் அகப்படுவதில்லை. தினம் மூன்று மணி நேரம் நகம் வளர்த்து வாசிப்பவரின் தந்தி ஆறு வாரத்தில் பள்ளம் விழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரலின் சதையால் வருடுகிறவருக்கு இரண்டு வருஷம் வரும். பொருளும் ஒன்றல்ல. நைலான் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், மழைநாளில் சுருதி இறங்கும். ஃபுளூரோகார்பன் தந்தி அப்படி இல்லை. 1971இல் ஜப்பானின் குரேகா நிறுவனம் தூண்டில் நூலாக அறிமுகப்படுத்திய பொருளின் வழி வந்தது அது. கண்ணாடிபோலத் தெளிந்தது, ஈரம் ஏறாதது, நைலானைவிட அடர்த்தியானது, ஆகையால் அதே சுரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் போதும். இத்தாலியின் அக்கீலா நிறுவனத்தின் நைல்கட், குடல் நரம்பின் அடர்த்தியைப் போலச் செய்த வெள்ளைத் தந்தி. இவை ஒவ்வொன்றும் தேயும் விதம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி குறிப்பது எல்லாச் செருப்புக்கும் ஒரே ஆயுள் சொல்வது மாதிரி. நாள்காட்டியை ஆதரிப்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு: தேதி இருந்தால் மறக்க மாட்டோம். உண்மை. தேதியைத் தந்தியைச் சோதிக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாமே.

ஒலி கெடும்போது காது தானே கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றிலும் பலவீனமாகப் படுகிறது. தந்தி ஒரே நாளில் பொய்ப்பதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எவர் காதுக்கும் எட்டாத அளவு. காது ஒப்பிடுவது நேற்றைய ஒலியோடு, ஆறு மாதத்துக்கு முந்தைய ஒலியோடு இல்லை. எனவே தந்தி இறங்கும் வேகத்திலேயே காதும் கூடவே இறங்கி வருகிறது. அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் சேர்ந்து சுருங்கினால் அளவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கை இதைவிடச் சாமர்த்தியமாகச் சமாளிக்கும். நைலான் தந்தியை மெட்டில் கொஞ்சம் அழுத்தினாலோ பக்கவாட்டில் தள்ளினாலோ சுரம் ஏறும். குறையும் சுரத்தை விரல் தன்னையறியாமல் அப்படித் தள்ளிச் சரிசெய்யப் பழகிக்கொள்கிறது. சரிசெய்ய முடியாத இடங்களுக்கு அது போவதையே நிறுத்திவிடுகிறது. ஒருவர் ஏழாம் மெட்டுக்கு மேலே போகும் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, ‘எனக்கு இப்போது எளிமையான கார்டுகள்தான் பிடிக்கிறது’ என்று சொல்லத் தொடங்கினால் அவர் ருசி மாறியிருக்கலாம். ருசியைக் குற்றம் சொல்லுமுன் தந்தியைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வாத்தியத்தில் தேய்மானம் முதலில் தெரிவது அநேகமாக ஒலியில் இல்லை, என்னென்ன வாசிக்கிறோம் என்ற பட்டியல் குறுகுவதில்.

சிக்கனத்தையும் கேட்க வேண்டும். வேலை செய்யும் பொருளை வீசாதே என்பது நம் வீடுகளில் வளர்ந்த நல்ல புத்தி. அதிலும் ஃபுளூரோகார்பன் மண்ணில் மக்காத பொருள். சோதித்து மாற்றுவது இந்தப் புத்திக்குத்தான் நெருக்கமானது. நாள்காட்டிப்படி மாற்றுகிறவர் நல்ல தந்தியையும் வீசுகிறார். நான்கில் ஒன்று மட்டும் பொய்த்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். புதுத் தந்தியின் பளபளப்பு மற்ற மூன்றோடு ஒட்டாமல் சில நாள் துருத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவே. அவசரத்தில் மாற்றுவதைத்தான் தவிர்க்க வேண்டும். புது நைலான் தந்தி முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கச்சேரிக்கு முந்தின இரவு தந்தி மாற்றுகிறவர், மேடையில் முறுக்காணியோடுதான் பேசிக்கொண்டிருப்பார். ஒரு வாரமாவது முன்னால் கட்டியிருக்க வேண்டும். அப்படியென்றால் தந்தி பொய்த்துவிட்டதா என்ற தீர்ப்பும் ஒரு வாரம் முன்னால் தேவை. காது அவ்வளவு முன்கூட்டிச் சொல்லாது.

ஆகவே சாட்சியத்தை வெளியே எழுதி வைக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. புதுத் தந்தி கட்டி ஒரு வாரம் ஆனதும், அது நீள்வதை நிறுத்திய பிறகு, மழை இல்லாத ஒரு நாளில் நான்கு தந்திகளையும் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் மெட்டில் ஒவ்வொன்றும் எத்தனை சென்ட் விலகுகிறது என்று செயலியில் பாருங்கள். தேதியும் நான்கு எண்களுமாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாத்தியத்தின் உறைக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். பழைய எண்ணிலிருந்து ஐந்து சென்டுக்கு மேல் ஒரு தந்தி நகர்ந்திருந்தால், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அதைக் கழற்றிவிடலாம். நகரவில்லை என்றால் எத்தனை வருஷமானாலும் இருக்கட்டும். அப்படி எந்தக் குறிப்பும் இல்லாமல் எப்போது கட்டியது என்றே தெரியாத தந்தி இப்போது உங்கள் உகுலேலேயில் இருக்கிறதா? சோதிக்காமலே மாற்றச் சொல்லக்கூடிய தந்தி அது ஒன்றுதான்.